கர்ச்சீப்பை எடுத்துட்டுப் பேசுங்க சார்

உலகத்தில் உள்ள அத்தனை கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு எச்.ஆர்.தான். பெங்களூர் கம்பெனிக்கும் அவர்தான், அமெரிக்கக் கம்பெனிக்கும் அவர்தான். காலையில் ஆண், மத்தியானத்தில் பெண். அலுவலகம் மயிலாப்பூரில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே முதல் மாடி. நம்பாதவர்கள் என்னோடு அங்கே நெட்வொர்க்கிங் கோர்ஸ் படித்திருக்க வேண்டும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் கேட்டதில்லை. எங்களுக்கு அவர் ‘ஹலோ சார்’. படித்து முடித்தவர்களை வேலையில் சேர்த்துவிடுவது அவருடைய வேலை. ஒரு கதவில் ‘பிளேஸ்மென்ட் ஆபீசர்’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். கதவைத் திறந்தால் அறை இருக்காது. பழைய ரவுட்டர் பெட்டிகள் அடுக்கிய அலமாரிதான் இருக்கும். அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஹலோ சார்.

பாடம் நடத்த வேறு சார்கள் இருந்தார்கள். எது ஸ்விட்ச், எது ரவுட்டர், ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறது என்பதையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஹலோ சாருக்கு இதில் எதுவும் தெரியாது. ஒருநாள் வைஃபை வரவில்லை என்றபோது மோடத்தின் முதுகில் தட்டிக்கொடுத்து, “இப்ப பாரு” என்றார். ஏப்பம் விடாத குழந்தைக்குச் செய்வதுபோல.

ஆனால் அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. “ரவுட்டரைப் பாத்து உங்கள்ல ஒருத்தரும் பயப்படல கேண்டிடேட். போன் அடிச்சாதான் செத்துப்போறீங்க. அந்த பயத்தை நான் எடுக்கறேன்.” எங்கள் எல்லோரையும் அவர் ‘கேண்டிடேட்’ என்றுதான் கூப்பிடுவார்.

பயத்தை எடுக்க அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. எந்த நேரத்திலும், யாருக்கு வேண்டுமானாலும், வேறு யாராகவோ போன் செய்வது.

போனின் மேல் கர்ச்சீப்பைப் போட்டால் பெங்களூர் பிருந்தா மேடம். வாயில் புளிப்பு மிட்டாயை ஒதுக்கிக்கொண்டால் அமெரிக்காவின் மிஸ்டர் ஜான். மூக்கை இரண்டு விரலால் பிடித்தால் ஹைதராபாத் ரெட்டி. எல்லோரும் ஒன்றாகப் பேசும் கான்ஃபரன்ஸ் கால் வேண்டுமென்றால் கீழே இறங்கிப் போய் பாத்திரக்கடையில் இருக்கிற பெரிய அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொள்வார். எதிரொலிக்கு.

கடைக்கார அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் கத்தினார். “ஏன் சார், அண்டாவுக்குள்ள தலைய விட்டு இங்கிலீஷ் பேசுதீயளே, சீர் வாங்க வந்தவங்க பேய் புடிச்ச அண்டான்னுல்லா ஓடுதாங்க!”

அண்டாவுக்குள்ளிருந்து பதில் வந்தது. “ப்ளீஸ் ஹோல்ட் த லைன்.”

எந்த நம்பரிலிருந்து கூப்பிடுகிறார் என்பதை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. டீக்கடைக்காரர் போன், அண்ணாச்சி போன், மாடியேறி வந்த கூரியர்காரர் போன் என்று கையில் கிடைத்ததை வாங்கிப் பேசுவார். ஒரே ஒரு அடையாளம்தான் உண்டு. அதைக் கண்டுபிடித்தது என் அம்மா.

நாங்கள் இருப்பது பெரும்பாக்கத்தில், குடிசை மாற்று போர்டு கட்டிக்கொடுத்த வீட்டில், எட்டாவது மாடி. அதற்கு முன்னால் ஆற்றோரத்தில் இருந்தோம். வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கரண்ட் பில் படிக்கும் உத்தியோகம் எனக்குச் சின்ன வயதிலேயே கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, மொத்த மாடிக்கும். மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு, கோர்ட் நோட்டீஸ் எதுவானாலும் “மேகலாகிட்ட குடு, அது படிக்கும்” என்பார்கள். நானும் நீதிபதி தீர்ப்பு வாசிப்பதுபோல நின்று வாசிப்பேன். அப்படி இருந்த எனக்கு ஒருநாள் சாயங்காலம் மிஸ்டர் ஜான் போன் செய்தார். நான் மூலையில் போய் நின்று “எஸ் சார், எஸ் சார்” என்றேன்.

“யாருடி அது, வெளக்கு வெக்கிற நேரத்துல?” என்றார் அம்மா.

“அமெரிக்காம்மா. சும்மா இரு.”

அம்மா என் போனில் காதை ஒட்டவைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார். “அமெரிக்காவுல இன்னாடி பாத்திரம் உருட்டற சத்தம் கேக்குது? கல்யாண வூடா?”

அப்போதுதான் எனக்கும் கேட்டது. டங் என்று ஒரு குடம். தொடர்ந்து தட்டுகளை அடுக்கும் கலகல சத்தம். மறுநாள் வகுப்பு முழுவதற்கும் செய்தி போய்விட்டது. பாத்திரம் உருண்டால் ஹலோ சார், உருளாவிட்டால் நிஜம்.

ராயப்பேட்டை இர்ஃபானுக்கு மட்டும் இந்தச் செய்தி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அவன் தன் பெரியம்மா மகள் கல்யாணத்தில் பிரியாணி தேக்சா பக்கத்தில் கரண்டியோடு நின்றபோது ரெட்டி கூப்பிட்டிருக்கிறார். “டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்.” பந்தி இரைச்சலில் இர்ஃபான் தன் பலத்தை எல்லாம் கத்திச் சொன்னான். ஐ ஆம் ஹார்ட்வொர்க்கிங், ஐ ஆம் ஹானஸ்ட், ஐ ஆம் எ டீம் பிளேயர். பலவீனம் என்ன என்று கேட்டதற்கு, எல்லோரையும் நம்பிவிடுவேன் என்றான். தட்டோடு நின்ற பெரியவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதில் ஒருவர் அடுத்த வாரமே அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பி, பையனுக்குப் பெண் தர விருப்பம் என்றார்.

“வேலை வரல மச்சி, மாமனார் வந்துட்டாரு” என்று இர்ஃபான் புலம்பினான். ஹலோ சார் அசரவில்லை. “அப்போ இன்டர்வியூ கிளியர்தானே?”

அவரால் சாதாரணமாகப் பேசவே முடியாது. டீக்கடையில் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு மாஸ்டரைக் கேட்பார். “உங்க டீயோட பலம் என்ன, பலவீனம் என்ன?”

“பலம் இஞ்சி. பலவீனம் உன்னாண்ட மாட்டிக்கினது நைனா” என்பார் மாஸ்டர்.

ஒருமுறை நாங்கள் சிலர் அவரோடு ஆட்டோவில் அடையாறுக்குப் போனோம். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்து, சாலையை ஒட்டடைக்குச்சி அளவுக்குக் குறுக்கியிருந்தார்கள். வண்டி நகரவேயில்லை. ஹலோ சார் முன்னால் குனிந்து டிரைவரிடம் கேட்டார். “இன்னும் அஞ்சு வருஷத்துல நீங்க எங்க இருப்பீங்க?”

டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இதே சிக்னல்ல தான் சார்.”

“வெரி ரியலிஸ்டிக்” என்று பாராட்டினார் ஹலோ சார்.

இப்படிப்பட்டவரிடம் படித்தும் எனக்குப் பயம் போகவில்லை என்பதுதான் வேடிக்கை. பரீட்சைகளில் நான்தான் முதல். லேபில் யாருடைய கம்ப்யூட்டர் வேலை செய்யாவிட்டாலும் “மேகலா!” என்றுதான் குரல் வரும். ஹலோ சார் போட்ட வேஷங்களையெல்லாம் கிண்டலடித்தே பதில் சொல்லிவிடுவேன். ஆனால் நிஜக் கம்பெனி போன் செய்தால், பாத்திரச் சத்தம் இல்லாத அந்தச் சுத்தமான அமைதி கேட்டவுடனே, தொண்டையில் யாரோ ஷட்டரை இறக்கிவிடுவார்கள்.

முதல் கம்பெனி கூப்பிட்டபோது எழுந்து நின்று வணக்கம் வைத்தேன். போனில். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கட் பட்டனை அழுத்திவிட்டேன். இரண்டாவது கம்பெனி என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னது. “மை நேம் இஸ்” வரை போனேன். பெயர் வரவில்லை.

இன்ஸ்டிட்யூட்டில் ஒரு விதி இருந்தது. ஒருவர் பெயரை மூன்று கம்பெனிகளுக்குத்தான் அனுப்புவார்கள். மூன்றிலும் போனால் அதற்கப்புறம் அவரவர் பாடு. எனக்கு மிச்சம் இருந்தது ஒன்று. இன்னொரு பக்கம், தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் புடவை செக்‌ஷனில் எனக்காக அம்மா ஓர் இடம் பேசி வைத்திருந்தார். வருகிற ஒன்றாம் தேதி சேர வேண்டும். என் சித்தி அங்கேதான் வேலை செய்கிறார். நாள் முழுக்க நின்று, வீட்டுக்கு வந்ததும் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வேலை மட்டமில்லை. ஆனால் புடவையை மடித்து அடுக்குவதற்கு நான் இத்தனை வருஷம் படிக்கவில்லை. இதை அம்மாவிடம் சொன்னபோது, “அப்ப அந்தப் போன்ல வாயத் தொறந்து பேசு” என்றார். நியாயமான பதில்.

ஹலோ சார் என் பெயரை மூன்றாவது கம்பெனிக்கு அனுப்பினார். பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகம். பல கம்பெனிகளின் நெட்வொர்க்கை இரவு பகலாகக் கண்காணிக்கிற வேலை. “இந்த வாரத்துக்குள்ள கூப்பிடுவாங்க கேண்டிடேட். நீ பேர் சொல்லிட்டா போதும், மிச்சத்தைக் கடவுள் பாத்துப்பாரு” என்றார்.

மறுநாள் மத்தியானம். மற்றவர்கள் சாப்பிட வெளியே போயிருந்தார்கள். நான் லேபில் தனியாக உட்கார்ந்து புளிச்சாதத்தைப் பிரித்தபோது போன் அடித்தது. புது நம்பர். எடுத்தேன்.

“ஹலோ, ஆம் ஐ ஸ்பீக்கிங் டு மேகலா?” பெண் குரல். பின்னால் டங், கலகல, டங். தட்டுகளும் டம்ளர்களும் உருண்டுகொண்டிருந்தன. மத்தியானமென்றால் பிருந்தா மேடம்தானே? நான் புளிச்சாதத்தை ஒரு வாய் போட்டுக்கொண்டேன்.

“ஸ்பீக்கிங், ஸ்பீக்கிங். வாய்ஸ் இன்னிக்கு சூப்பர் சார். கர்ச்சீப் புதுசா?”

“சாரி?”

“கர்ச்சீப்பை எடுத்துட்டுப் பேசுங்க சார். மூச்சு முட்டிடப் போவுது.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தட்டுகள் மட்டும் பேசின. பிறகு அந்தக் குரல் கம்பெனி பெயரைச் சொன்னது.

“தெரியும் சார். நேத்து நீங்கதானே என் பேரை அனுப்பினீங்க.”

“ஒரு நிமிஷம் இருங்க. டெக்னிக்கல் டீம்ல இருந்து ஒருத்தர் பேசுவார்.”

உடனே ஆண் குரல். “வணக்கமுங்க மேகலா.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஒரே கால்ல ரெண்டு வாய்ஸா! கலக்கறீங்க சார். இது எந்த ஊரு, கோயம்புத்தூரா?”

“ஆமாங்க, கோயம்புத்தூர்தான். எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?” அந்தக் குரலில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. நடிப்பு எவ்வளவு முன்னேறிவிட்டது என்று நான் மெச்சிக்கொண்டேன். அன்று அண்ணாச்சி கடைக்கு வார விடுமுறை, காலையில் மூடின ஷட்டரைத் தாண்டித்தான் நானே மாடியேறினேன் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை.

“சரிங்க, ஒரு கேள்வி. ஒரு ஆபீஸ். ஒருத்தர் மட்டும் நெட் வரலைன்னு சொல்றார். பக்கத்து சீட்டுக்கு வருது. என்ன பண்ணுவீங்க?”

“சார், எங்க பிளாக்ல ஒரு வீட்ல மட்டும் தண்ணி வரலன்னா நேரா மொட்டை மாடி டேங்குக்கு ஏற மாட்டோம். மொதல்ல அந்த வீட்டுக் குழாயைத் தொறந்து பாப்போம். அதே மாதிரிதான். கேபிள் சரியா சொருகியிருக்கா, அந்த மெஷினுக்கு அட்ரஸ் கிடைச்சிருக்கான்னு பாப்பேன்.”

“அந்த மாடிக்கே வரலைன்னா?”

“மாடிக்குப் பிரியற பைப்பு. அதான் ஸ்விட்ச்.”

“மொத்த பிளாக்குக்கும் வரலைன்னா?”

“மோட்டார் ரூம் சார். அதான் ரவுட்டர். மோட்டார் நல்லா ஓடுது, ஆனா தண்ணி இல்லன்னா போர்டு ஆபீசுக்குப் போன் போட்டு சண்டை போடணும். அதான் இன்டர்நெட் குடுக்கற கம்பெனி.”

“அதை எப்படி உறுதி பண்ணுவீங்க?”

“பிங் அடிப்பேன். ‘இருக்கியா?’ன்னு கேக்கறது. ‘இருக்கேன்’னு பதில் வந்தா வழி நல்லா இருக்கு. எந்த எடத்துல பதில் நிக்குதோ அங்கதான் அடைப்பு.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் இரண்டாவது வாய் புளிச்சாதத்தை எடுத்தேன். அப்போது லேபின் கதவு திறந்தது.

ஹலோ சார் உள்ளே வந்தார். ஒரு கையில் எண்ணெய் ஊறிய பொட்டலம், இன்னொரு கையில் பாதி கடித்த வாழைக்காய் பஜ்ஜி. வாயில் மீதிப் பாதி. காதில் போன் இல்லை. கர்ச்சீப்பும் இல்லை.

என் காதில் கோயம்புத்தூர் கேட்டது. “நைட் ஷிஃப்ட் பார்ப்பீங்களா மேகலா?”

ஷட்டர் இறங்கியது. நான் போனைக் காட்டினேன். பிறகு அவரைக் காட்டினேன். பிறகு மறுபடி போனை. ஹலோ சாரின் தாடை மெல்வதைப் பாதியில் நிறுத்திவிட்டது. என்ன நடந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவரால்தான் நடந்திருக்கிறது என்பதும்.

“மேகலா? லைன்ல இருக்கீங்களா?”

ஹலோ சார் பஜ்ஜியை விழுங்கினார். சத்தமில்லாமல் தன் நாற்காலியைத் தூக்கிவந்து எனக்கு நேர் எதிரில் போட்டு உட்கார்ந்தார். காலைக் காலின் மேல் போட்டார். பொட்டலத்திலிருந்து இன்னொரு பஜ்ஜியை எடுத்து அதைப் போன்போலக் காதில் வைத்துக்கொண்டார். என் கண்ணை நேராகப் பார்த்தபடி வாயை அசைத்தார். சத்தமே வராமல்.

குரல் என் காதில் வந்தது. வாய் எதிரில் அசைந்தது. கேட்பது நான்தான் என்று வைத்துக்கொள், தினமும் கிண்டல் பண்ணுவாயே அதே ஆள்தான் என்று அந்த வாய் சொன்னது. காதோரம் எண்ணெய் வழிந்து சட்டைக் காலரில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

“பார்ப்பேன் சார்” என்றேன். பஜ்ஜியைப் பார்த்து. “எங்க அப்பாவும் நைட் ஆட்டோதான் ஓட்டறாரு. எங்க வீட்ல நைட் ஷிஃப்ட் புதுசில்ல.”

அடுத்தடுத்து கேள்விகள் வந்தன. நான் அந்த வாயைப் பார்த்தே பதில் சொன்னேன். சில நேரம் குரல் முடிந்த பிறகும் வாய் ஓடிக்கொண்டிருந்தது. சில நேரம் குரல் வருவதற்கு முன்பே அவர் புருவத்தை உயர்த்திவிட்டார். ஒருமுறை அந்தப் பக்கம் கேள்வி கேட்க, இவர் தலையாட்டிப் பாராட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அந்தப் பெண் குரல் திரும்ப வந்தது. “மேகலா, ஒண்ணு மட்டும் தெரியணும். ஆரம்பத்துல என்னை சார், சார்னு சொன்னீங்களே, யார் அந்த சார்?”

பொய் சொல்ல நேரமில்லை. “எங்க பிளேஸ்மென்ட் சார் மேடம். எச்.ஆர். மாதிரி போன் பண்ணி எங்களைப் பழக்குவாரு. உங்களை மாதிரியே பேசுவாரு. பாத்திரச் சத்தம் கேட்டதும் அவர்தான்னு நெனச்சிட்டேன்.”

“நான் கேன்டீன்ல இருந்து பேசறேன். என்னை மாதிரியேவா பேசுவார்?”

“உங்களைவிடக் கொஞ்சம் கோவமா மேடம்.”

தட்டுகளோடு சேர்ந்து ஒரு மேசையே சிரித்தது. போனை வைத்தேன். ஹலோ சார் காதிலிருந்த பஜ்ஜியை எடுத்து, ஒரு கடி கடித்து மென்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“கேண்டிடேட், அந்தம்மா என்னைவிட நல்லா பேசிச்சா?”

“உங்க அளவுக்கு இல்ல சார்.”

“கோயம்புத்தூர் வாய்ஸ் நான் போட்டதே இல்லியே. எப்படி நான்னு நெனச்ச?” அதுதான் அவருக்கு வருத்தம். அன்று முழுக்க அலமாரிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து “ஏனுங்க, சொல்லுங்க” என்று தனக்குத்தானே பழகிக்கொண்டிருந்தார்.

ஒன்றாம் தேதிக்கு முன்னால் வேலைக்கான உத்தரவு வந்தது. எங்கள் மாடியில் அதைப் படித்துக் காட்டியதும் நான்தான், வழக்கம்போல நின்றபடி. என்ன வேலை என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டதற்கு, நான் இன்டர்வியூவில் சொன்ன பதிலை என்னிடமே கேட்டு வைத்திருந்த அம்மா, மொத்த வராண்டாவுக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார். “எம்பொண்ணு கம்ப்யூட்டருக்கெல்லாம் தண்ணி வுடற வேலைல சேந்துகீது!” இன்றுவரை அந்த பிளாக்கில் மோட்டார் ரிப்பேர் ஆனால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

வேலையில் சேரப் போன நாளில் எச்.ஆர். மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் மேசையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து நன்றாக உதறி மடித்துத் தூர வைத்தார். “இப்ப பேசலாமா?” என்றார்.

ஹலோ சார் இன்னும் அதே பிளாஸ்டிக் நாற்காலியில்தான் இருக்கிறார். இப்போதெல்லாம் முதல் சுற்று இன்டர்வியூவை மனிதர்களே எடுப்பதில்லையாம், மெஷின் பேசுகிறதாம். போன மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. “உங்கள். பதில். பதிவு. செய்யப்படுகிறது.” நடுவில் ஒரு இருமல், பின்னால் ஒரு குடம் உருண்டது. “சார், மெஷின் இருமாது” என்றேன். “அதைத்தான் பிராக்டிஸ் பண்றேன் கேண்டிடேட்” என்றார் மெஷின்.

என் முதல் நைட் ஷிஃப்டில், வேலை பழகிய ஆட்கள் எல்லாம் வேறு பிரச்சினைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் மேசைப் போன் அடித்தது. ஒரு கம்பெனி முழுக்க நெட் நின்றுபோய், யாரோ இங்கிலீஷில் கொதித்துக்கொண்டிருந்தார். பின்னால் பாத்திரச் சத்தம் எதுவும் இல்லை. தொண்டையில் ஷட்டர் இறங்கத் தொடங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே வெள்ளைச் சுவர்தான். அதில் காதில் பஜ்ஜியை வைத்துக்கொண்டு, காலரில் எண்ணெய் வழிய, சத்தமில்லாமல் ஒரு வாய் அசைந்தது.

அதைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தேன். இன்றும் அதைப் பார்த்துத்தான் பேசுகிறேன்.